இரண்டாவதாக வந்தவன் படித்த காட்சி

ஒரே படத்தின் திரைக்கதைக்கு எனக்கு இரண்டு விருது கிடைத்தது. இரண்டு விழாவும் ஒரே நாள், ஒரே மாலை. ஒன்று டிவிக்காரர்கள் நடத்தியது. மக்கள் ஓட்டு, நடிகர் நடிகைகள், தங்க முலாம் பூசிய சிலை. இன்னொன்று எழுதுகிறவர்கள் நாங்களே சங்கம் வைத்து ஒரு சின்ன ஹாலில் நடத்திக்கொள்வது. படத்தைப் பார்த்து அல்ல, திரைக்கதையைத் தாளில் படித்துத்தான் ஓட்டுப் போடுவோம். ஒரு மரப்பலகை, கிச்சடி, காபி, அவ்வளவுதான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவன் பேசக்கூடாது. அவன் எழுதி, படத்தில் வராமல் போன ஒரு காட்சியை இரண்டாவதாக வந்தவன் மேடையேறிப் படிப்பான். எழுதினவன் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். அவன் வராவிட்டால் படிப்பதும் கிடையாது.

அந்த வருஷம் இரண்டாவதாக வந்தவன் என் அறைத்தோழன், தெள்ளார்க்காரன். சென்னையில் ஆறு வருஷம் ஒரே அறை, ஒரே ஃபேன். ஒரு தோசை வாங்கினால் ஆளுக்குப் பாதி. அடுத்தவர் பெயரில் வந்த படங்களுக்கு எழுதி எழுதியே அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. அவன் பெயரோடு சங்கத்துக்குப் போன முதல் திரைக்கதை அதுதான். செய்தி வந்ததிலிருந்து கண்ணாடி முன் நின்று என் காட்சியைப் படித்துப் பழகிக்கொண்டிருந்தான்.

நான் டிவி விழாவுக்குப் போனேன். ஆரணியில் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள் என்று அவனிடம் சொன்னேன். அது பாதி உண்மை. சிலையை வாங்கும்போது கேமரா என் மேல் இருக்கவேண்டும் என்ற ஆசைதான் மீதி. "போய்ட்டு வாடா" என்றான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம் ஒளிபரப்பு. ஆரணியில் எங்கள் வீட்டில் தறிக்குழி ஓரம் வரை ஆட்கள். சங்கம் கொடுத்தனுப்பிய மரப்பலகையைப் பையில் போட்டுக்கொண்டு அவனும் வந்திருந்தான்.

மூன்று மணி நேரம் பார்த்தோம். எனக்கு விருதை விளம்பர இடைவேளையில்தான் கொடுத்தார்கள் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்காவது ஒட்டிப் போட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போடவில்லை. ஒரு நடிகை சிரித்தபோது பின்வரிசையில் என் காது மட்டும் தெரிந்தது.

"இன்னாக்கா, உன் புள்ளய காட்டவே இல்ல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"காது வந்திச்சே, நீ பாக்கலியா?" என்றாள் அம்மா. விட்டுக்கொடுக்கவே மாட்டாள். பேச்சை மாற்ற அவன் பையைக் காட்டி, "அது இன்னா தம்பி?" என்று கேட்டாள்.

அவன் பலகையை எடுத்துக் காட்டினான். வழக்கத்தையும் சொன்னான். "இவன் வரல. அதனால படிக்கலம்மா."

"இப்ப எதிர்லதான உக்காந்துகினு கீறான்? படி."

அவன் எழுந்து நின்று படித்தான். களம்பூர் அரிசி மில்லில் வேலை முடித்த ஒருத்தி, தவிட்டுத் தூசி படிந்த தலையோடு பஸ்ஸில் நின்றபடியே தூங்கிவிடுகிறாள். முன்பின் தெரியாத இன்னொருத்தி அவளுக்குத் தோள் கொடுத்து நிற்கிறாள். எழுப்ப மனம் வராமல், தன் ஊரில் இறங்காமலே போகிறாள். ஒரு வரி வசனம் கிடையாது. ஆனாலும் அவன் படிக்கப் படிக்க ஒவ்வொரு நிறுத்தமும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆறு வருஷம் கூடவே இருந்தும் அவனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. யாரோ டிவியை அணைத்திருந்தார்கள்.

"அந்தப் பொம்பள அப்புறம் எப்பிடி ஊட்டுக்குப் போனா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை அவனோடு நடந்தேன்.

"நல்லா படிச்சனாடா?" என்றான்.

"ரொம்ப நல்லா படிச்ச."

"அங்க இன்னும் நல்லா படிச்சிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சென்னை பஸ் வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினான்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு முறை டிவி விருது வந்தது. அவன் பெயரோடு வேறு திரைக்கதை வரவேயில்லை. அந்த மேடை அவனுக்கு வாய்த்தது அந்த ஒருமுறைதான். அதைக் கெடுத்தவன் நான்.