முன்னால் நிற்கிற வண்டி

எங்கள் பக்கத்தில் ஈக்குவாலிட்டி என்ற இங்கிலீஷ் சொல் தெரியாத ஆளே கிடையாது. வெள்ளறடை பஸ்ஸில் ஒரு பெண் தன் சீட்டைக் கேட்டால், உட்கார்ந்திருந்தவன் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டேதான் எழுந்திருப்பான். கல்யாண வீட்டில் ஒருத்தி கூச்சமில்லாமல் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் பின்னால் நிற்கிறவர்கள் அதையே முணுமுணுப்பார்கள். யாருக்காவது எதையாவது கொடுப்பதற்காக அந்தச் சொல்லை எடுத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஒருத்தியின் வாயை அடைக்கத்தான் எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன், லிஜியிடம்.

என் பெயர் அஜீஷ். வெள்ளறடைக்கும் கள்ளிக்காட்டுக்கும் நடுவில் பள்ளிக்கூட முக்கில் ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் ஸ்டாண்டில் பத்தொன்பது வண்டிகள். ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் யூனியன் கொடுத்த நம்பர் இருக்கும். காலையில் யார் முதலில் வந்தாரோ அவர் வண்டி வரிசையில் முன்னால் நிற்கும். முன்னால் நிற்கிறவர் வருகிற ஓட்டத்துக்குப் போயே ஆக வேண்டும். குடிகாரனானாலும் சரி, சிமெண்ட் மூட்டையானாலும் சரி, மலைப்பாதையானாலும் சரி, தேர்ந்தெடுக்கிற பேச்சே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எங்களைப்போல யோக்கியமானவர்கள் இந்தத் தாலுக்காவிலேயே இல்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தோம்.

பதினாலாம் நம்பர் சத்தியதாஸுடையது. சர்க்கரை அவன் கண்ணைத் தின்றுவிட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. அவன் பெண்டாட்டி லிஜி முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆபீஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவள் சர்ச் மைதானத்தில் அதே வண்டியை ஓட்டிப் படித்து, லைசென்ஸும் எடுத்து, ஒரு திங்கட்கிழமை காலை வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஈக்குவாலிட்டி வந்தாச்சு, இனி நாமெல்லாம் சேலை உடுத்திட்டு வரலாம் என்று அன்றைக்குச் சொன்னது நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் காதில் விழாததுபோல கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

யூனியன் செக்ரட்டரி மோகனன் அண்ணன் கெட்ட மனிதர் இல்லை. சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் அவள் அன்றே சண்டை போட்டிருப்பாள். பொம்பளைப்பிள்ளை, பாவம் என்று அவளுக்காக ஒரு ஏற்பாடு செய்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பெண்கள், சர்ச்சு, கோயில் ஆகிய ஓட்டங்கள் அவளுக்கு. மலைப்பாதை, ஆஸ்பத்திரி, குடித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் பின்னால் நிற்கிறவருக்கு. இப்படி ஒரு பரிவை அவள் கேட்கவே இல்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

லிஜி விடியுமுன்னே வந்துவிடுவாள். அடுத்து நான் வருவேன். அதனால் பெரும்பாலும் அவள் வண்டிக்குப் பின்னால் என் வண்டிதான். ஆள் வருவார், எங்கே என்று மோகனன் அண்ணன் கேட்பார், மலைக்கு என்பார், உடனே அண்ணனின் விரல் என் பக்கம் திரும்பும். அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு நான் போவேன். எட்டு மாதம் இப்படிப் போனேன். முறை வருமுன்னே ஓட்டம் கிடைத்ததால் எனக்கு அது கொள்ளாம், நல்லதுதான் என்று இருந்தது, அதை மறைத்து என்ன பிரயோஜனம்?

பிறகுதான் முடிச்சு இறுகியது. ஐப்பசியில் எங்கள் வருடாந்திரக் கூட்டம். பதினாலாம் நம்பர் சத்தியதாஸ் பெயரிலிருந்து லிஜி பெயருக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் நம்பர் போய்விடும். நம்பர் இல்லாத வண்டியைச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஸ்டாண்டிலும் நிற்க விடமாட்டார்கள். டீக்கடையில் பேச்சு ஓடியது: மலைக்கும் போகமாட்டாள், ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டாள், பிறகெப்படி முழு மெம்பர் ஆக்குவது? போகாதே என்று சொன்னவர்களும் நாங்கள்தான், போகவில்லையே என்று கேட்டவர்களும் நாங்கள்தான். அந்த அநியாயம் எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் மோகனன் அண்ணனிடம் போய், நாளையிலிருந்து என்ன ஓட்டமானாலும் என்னிடம் விடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடியட்டும் மக்கா, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. ராத்திரி முழுக்க மழை பெய்து விட்டிருந்தது. மணி ஆறு பத்து இருக்கும். முன்னால் லிஜி, அடுத்து நான், எனக்குப் பின்னால் மோகனன் அண்ணன். அவருடைய போன் அடித்தது. மேலே ரப்பர் எஸ்டேட்டை ஒட்டி இருக்கும் குஞ்சம்மா பேசினாள். ரப்பர் வெட்டப் போன அவள் புருஷன் சதானந்தனை விரியன் கடித்துவிட்டது, கால் வீங்குகிறது, வாயில் ரத்தம் வருகிறது. ஆம்புலன்ஸ் வந்து சேர முக்கால் மணி நேரமாகும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"எலே அஜீஷே, நீ போ."

"எனக்க டேர்னாக்கும்," என்றாள் லிஜி. வண்டியை அதற்குள் ஸ்டார்ட் செய்திருந்தாள்.

"மக்கா, அந்த வழி உனக்குப் பாடு. சொன்னா கேளு."

அவள் கேட்கவில்லை. வண்டியை எடுத்துவிட்டாள். அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். பழக்க தோஷம், கை தானாகவே வண்டியை முறுக்கியது. எட்டு மாதம் வளைத்துக்கொண்டு போனதைப்போல அன்றும் அவளை வளைத்துக்கொண்டு போனேன். எஸ்டேட் வழி பிரிகிற இடத்தில் அவளுக்கு முன்னால் புகுந்துவிட்டேன். அந்த நேரத்தில் மனதுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அது ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஏற்றம். ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் ஓடை. செம்மண் குழைந்து கிடந்தது. இரண்டாவது வளைவில் என் பின்சக்கரம் வழுக்கி ஓடையில் இறங்கிவிட்டது. முறுக்கினேன், இன்னும் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தால் பத்தடி பின்னால் லிஜியின் வண்டி நிற்கிறது. அவளால் என்னைத் தாண்டவும் முடியாது.

மேலே இருந்து சதானந்தனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் குஞ்சம்மா, மறுபக்கம் பக்கத்து வீட்டுப் பிரதீஷ். நேராக என் வண்டியிடம் வந்து, ஏற்றுவதற்காக நின்றார்கள். வண்டி நகராது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. குஞ்சம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

என் வண்டிக்கும் திட்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடமில்லை. நாற்காலி நுழையவில்லை. கடிபட்ட காலை அசைக்கக் கூடாது என்று லிஜி கீழே இருந்து கத்தினாள். அவள் ஓடிவந்து, நாங்கள் நாலு பேருமாக நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கி, என் வண்டிக் கூரையை உரசி அந்தப் பக்கம் இறக்கினோம். இரண்டு தரம் கால் வழுக்கியது. சதானந்தன் என் தோளில் ரத்தம் துப்பினார். ஏழெட்டு நிமிடம் அங்கேயே போய்விட்டது.

"அண்ணே, ஏறும். ஆளைச் சாய விடாதையும்," என்றாள் லிஜி.

ஒரு பக்கம் குஞ்சம்மா, நடுவில் சதானந்தன், மறுபக்கம் நான். திருப்ப இடமில்லாததால் அந்தச் சரிவு முழுவதையும் பின்னோக்கியே இறங்கினாள். தலையை வெளியே நீட்டி, ஒரு கையில் ஹேண்டில், பிரேக்கில் கால். ஓடைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நான்கு விரல்கூட இல்லாத இடம் இரண்டு உண்டு. என்னால் அது முடிந்திருக்காது. பதினெட்டு வருடம் ஓட்டுகிற நான் இதைச் சொல்கிறேன்.

ரோட்டுக்கு வந்ததும் அவள் பேசியது ஒன்றே ஒன்றுதான். கடித்தது எத்தனை மணிக்கு என்று குஞ்சம்மாவிடம் கேட்டாள். விளக்கை அணைத்த சமயம், ஐந்தே முக்கால் இருக்கும் என்றாள் அவள். அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லு சேச்சி என்று சொல்லிவிட்டு ஹார்னில் கை வைத்தவள் எடுக்கவே இல்லை. பெருங்கடவிளையில் ஒரு பஸ் வழியை அடைத்துக்கொண்டு ஆள் ஏற்றியது. ஓரத்து மண்ணில் இரண்டு சக்கரத்தை இறக்கி அதைத் தாண்டினாள். சதானந்தனின் தலை என் மார்பில் கனத்துக்கொண்டே வந்தது. பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் முனகினார். நெய்யாற்றின்கரை தெரிந்தபோது முனகலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மருந்து ஏற்றிய பிறகு டாக்டர் வெளியே வந்தார். உயிருக்கு இனி பயப்பட வேண்டாம், கிட்னி எப்படி இருக்கிறது என்று இரண்டு நாள் கழித்தே சொல்ல முடியும், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இன்னும் நல்லது என்றார். குஞ்சம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கொஞ்சம் என்பது யாருடையது என்று எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது லிஜி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலை ஹாலில் கூட்டம். டீக்கடைப் பேச்சு ஒரே நாளில் தலைகீழாக மாறியிருந்தது. மோகனன் அண்ணன் ஒரு சால்வை வாங்கி வைத்திருந்தார். ஒரு உயிரைக் காப்பாற்றிய தைரியத்துக்கு மரியாதையாகப் பதினாலாம் நம்பரை லிஜிக்கே கொடுக்கிறோம் என்றார். ஈக்குவாலிட்டி என்றால் இதுதான் என்றும் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். பலமாகத் தட்டியது நான். என் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன்.

லிஜி எழுந்தாள். சால்வைப் பக்கம் போகவில்லை.

"நீங்க பதினெட்டு பேரும் நம்பர் வாங்கினப்போ, ஆரு உயிரைக் காப்பாத்திட்டு வந்து வாங்குனிய?"

அவள் குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. நேற்று தன்னுடைய டேர்னை அஜீஷண்ணன் வெட்டினார், அதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும் என்றாள்.

வரிசையை வெட்டினால் ஏழு நாள் ஸ்டாண்டுக்கு வெளியே. இது எங்கள் சட்டம். யாருக்கும் தளர்த்தியது கிடையாது. மோகனன் அண்ணன் பதறிப்போய், அது ஆபத்து நேரம், அவன் நல்லதுக்குத்தானே போனான், பெரிதாக்க வேண்டாம் என்று சமாதானம் சொன்னார்.

"அது எனக்க டேர்னா, இல்லியா? அதை மட்டும் சொல்லுங்க அண்ணே. ஆமான்னா, வெட்டுனவருக்கு எல்லாருக்கும் உள்ள சட்டம். இல்லன்னா எனக்கு இந்த நம்பரும் வேண்டாம், சால்வையும் வேண்டாம்."

எனக்கு முகம் சுட்டது. நன்றிகெட்டவள் என்று மனதுக்குள் திட்டினேன். சதானந்தனின் ரத்தம் பட்ட சட்டை வீட்டில் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அவரை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு போனவன் நான் இல்லையா? இத்தனை பேருக்கு முன்னால் என்னைக் குற்றவாளியாக நிறுத்த வேண்டுமா? இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவளைப் பார்த்தேன். அவள் கோபமாக இல்லை. பயந்துபோய் இருந்தாள். கையில் கிடைத்த நம்பரை அவள் மறுபடியும் பணயம் வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தண்டனை இல்லை என்றால், சனிக்கிழமை காலையில் எனக்கு முன்னால் யாருமே நிற்கவில்லை என்று அர்த்தம். அந்த எட்டு மாதமும் அப்படித்தான் என்று அர்த்தம்.

ஏழு நாள் தண்டனைக்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று மோகனன் அண்ணன் அரை மனதாகக் கேட்டார். முதல் கை என்னுடையது. அவமானமாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக எழுந்தன. அண்ணன் கடைசியில் தூக்கினார். பதினாலாம் நம்பர் லிஜி என்று மினிட்ஸில் எழுதி, அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினார்கள்.

சதானந்தன் பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது. நான் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். குஞ்சம்மா உள்ளே எழுந்து போய்விட்டாள்.

ஏழு நாள் முடிந்து நான் ஸ்டாண்டுக்குத் திரும்பிய காலை, எனக்கு முன்னால் லிஜியின் வண்டி. குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் அவளைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். மலை ஓட்டம், வழி மோசம், சீக்கிரம் எடு என்றார். ஒன்றும் யோசிக்காமல் சாவியில் கை வைத்துவிட்டேன். பிறகு எடுத்தேன்.

"முன்னால வண்டி நிக்குதுல்லா? அங்க கேளும்," என்றேன்.

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு நாற்பத்தொரு வயது ஆக வேண்டியிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது.