எழுபத்தேழுக்கு எழுபத்தாறு: டிக்கோயாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை

சென்ற வெள்ளிக்கிழமை டிக்கோயாவுக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்ப்பதற்காக இல்லை. அன்று மாலை நான்கு மணிக்கு கொழும்பில் ஒரு அச்சகம் ஒரு சிறு புத்தகத்தை அடிக்கத் தொடங்கும். அதற்குள் அதிலிருந்த பிழையைத் திருத்த வேண்டும். பிழை என்னுடையது. புத்தகம் என் மனைவி தர்ஷினியுடையது.

மலைநாட்டில் நான்கு கல்லூரிகள் சேர்ந்து தனியாக ஒரு ரக்பி தொடர் நடத்தினார்கள். பெரிய போட்டிகளில் யாரும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அதனால் தங்களுக்குள்ளேயே ஆடினார்கள். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்து மைதானம்தான் எல்லோருக்கும் பொது. கோடு போடும் சுண்ணாம்பு மழையில் கரைந்துவிடும் என்று தேயிலை ஆலை அடுப்புச் சாம்பலைத் தூவியிருக்கிறார்கள். ஒரு கோல் கம்பத்தடியில் நின்றால் மறு கம்பம் தெரியாத அளவுக்குப் பனி இறங்கினால் ஆட்டம் நிற்கும். எட்டு வருடம் அப்படி நடந்தது. பிறகு இரண்டு கல்லூரிகளில் பதினைந்து பேர் சேரவில்லை, தொடர் நின்றது.

தர்ஷினி ஹட்டனில் படித்தவள், விளையாட்டு ஆசிரியை. அந்தப் பழைய ஆட்டக்காரர்களின் ஒன்றுகூடலுக்காக இந்த வரலாற்றை எழுதினாள். கடைசி வருடத்தின் அத்தியாயம் மட்டும் பாக்கி. எட்டு மாதத்துக்கு முன் டெங்கு வந்தது. ஐந்து நாள்தான் இருந்தாள்.

நான் கணினி வலையமைப்புப் பொறியாளன். பாக்கியை நானே முடித்தேன். அவள் கைபேசியில் ஸ்கோர் புத்தகத்தின் படங்கள் இருந்தன. வீரர்களின் பெயர்களுக்கு எதிரே சில இடத்தில் பெருக்கல் குறி, சில இடத்தில் ஒற்றைச் சாய்கோடு. பெருக்கல் என்றால் ட்ரை, ஐந்து புள்ளி. கோடு என்றால் பெனால்டி, மூன்று. இப்படி முடிவு செய்து ஏழு ஆட்டங்களையும் கூட்டி அட்டவணை போட்டேன். இறுதி ஆட்டம் 77–76. எல்லா ஆட்டங்களும் அதே அளவில்தான் வந்தன. ‘இவ்வளவு நெருக்கமான போட்டிகள் வேறெங்கும் நடந்திருக்காது’ என்று ஒரு வரி வேறு சேர்த்தேன். அந்த நாட்களில் எனக்கு எதுவும் விசித்திரமாகத் தெரியவில்லை.

அனுப்பியிருந்த பிரதியைப் பார்த்துவிட்டு வியாழன் மாலை ஃபாரூக் நானா அழைத்தார். கடைசி வருடத்தில் ஒரு அணியின் தலைவர், இப்போது ஹட்டனில் ஹார்ட்வேர் கடை.

“தம்பி, என்னா இது? எங்கள ஜெயிக்க வச்சிட்டீங்க?”

“நீங்கதானே நானா ஜெயிச்சீங்க?”

“தோத்தோம் தம்பி! அந்தக் கதைய சொல்லிச் சொல்லித்தான் இத்தன வருஷமா கடையில டீ குடிக்கிறோம். எழுபத்தேழு பாயின்டாம்! அந்தச் சேத்துல எழுபத்தேழு அடி நடக்கவே ஏலாது.”

சரியான கணக்கு அவருக்கும் நினைவில்லை. “ராஜேஸ்வரிதான் ஸ்கோர் எழுதினா. மேல தோட்டத்துல இருக்கா. அங்க போன் எடுக்காது, நேராத்தான் போகணும்.” வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் புள்ளட பேர்ல வர்ற புத்தகம் தம்பி. ஞாயித்துக்கெழம எல்லாரும் வருவாங்க. சிரிச்சிருவாங்க.”

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

கோட்டையிலிருந்து காலை 5.55 ரயில். ஹட்டனுக்கு 11 மணிக்குப் போக வேண்டியது, நாற்பது நிமிடம் தாமதம். நாவலப்பிட்டிக்கு மேலே மழை பிடித்தது. குடை கொண்டு போகவில்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை நேரம் பார்த்தேன். பையில் பாலிதீன் உறைக்குள் தர்ஷினியின் நீலக் கொப்பி இருந்தது. ஆஸ்பத்திரியில் அவளுடைய பொருட்களோடு கொடுத்தார்கள். எங்கே போனாலும் கொண்டு போவேன், திறந்ததில்லை. திறந்தால் ஒருநாள் கடைசிப் பக்கமும் வந்துவிடும்.

ஹட்டன் ஸ்டாண்டிலிருந்து டிக்கோயா ஐந்து கிலோமீட்டர், பஸ்ஸில் ஐம்பது ரூபாய். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர் ஏற்றம், ஆட்டோ மட்டும்தான். போக வர 1,800 ரூபாய் என்று பேசிக்கொண்டேன்.

“கொஞ்சம் வேகமா போகலாமா அண்ணே?” என்றேன்.

“போகலாம் சார். மேல போய்ச் சேருவோமா, கீழ போய்ச் சேருவோமான்னு தான் சொல்ல முடியாது.”

வலது பக்கம் பள்ளம், பனியில் அது தெரியவில்லை.

12.50க்குப் போய்ச் சேர்ந்தேன். ராஜேஸ்வரி அக்கா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறார். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விடுவார்கள். பன்னிரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அக்கா வாயில் விரல் வைத்தார்.

“மெதுவா பேசுங்க. ஒன்னு எந்திரிச்சா பன்னெண்டும் எந்திரிச்சிரும்.”

தர்ஷினியின் கணவன் என்று சொல்லிப் படங்களைக் காட்டினேன், என் கணக்கைக் கிசுகிசுப்பாகச் சொன்னேன். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

“ஐயோ தம்பி, இது பேரு! எங்கப்பா கணக்கப்பிள்ள. செக்ரோல்ல, வேலைக்கு வந்தவங்க புத்தகத்துல, பேரு போடுறதுக்கு நான்தான் ஒத்தாச. முழுநாள் வேல செஞ்சா முழுப் பேரு, பெருக்கல். பாதிநாள்னா அரைப் பேரு, ஒரு கோடு. மேட்ச்சுக்கும் அப்படியே போட்டுட்டேன். பாதியில அடிபட்டு வெளிய போனவனுக்கு அரைப் பேரு, அவனுக்குப் பதிலா எறங்குனவனுக்கும் அரைப் பேரு. கூட்டிப் பாருங்க.”

கூட்டினேன். ஃபாரூக் நானாவின் அணியில் பதின்மூன்று முழுப் பேர், நான்கு அரைப் பேர். பதினைந்து. மற்ற அணியில் பதினான்கு முழு, இரண்டு அரை. அதுவும் பதினைந்து. ஏழு ஆட்டத்திலும் பதினைந்துதான். நான் கூட்டியது புள்ளிகளை அல்ல, வேலைக்கு வந்தவர்களை.

“அப்போ ஸ்கோர் எங்கக்கா?”

“பின்பக்கத்துல எழுதியிருந்தேன்.”

“புத்தகம்?”

“போன மழையில கூரை ஒழுகி எல்லாம் கூழாப் போச்சு தம்பி.”

மணி 1.25. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன், தங்கச்சி ஒங்களுக்குக் காட்டலையா? இந்த பெஞ்சுலதான் ஒக்காந்திருந்தாங்க. முன்பக்கம் போட்டோ புடிக்கயிலயே போன்ல சார்ஜ் முடிஞ்சிருச்சு. பின்பக்கத்த பூரா ஒரு நீலக் கொப்பியில எழுதிக்கிட்டாங்களே.”

அவருக்கு விஷயம் தெரியாது. சொன்னேன், இரண்டு சொல்லில். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு குழந்தை சிணுங்கியது, தட்டிக்கொடுக்க எழுந்து போனார்.

உறையைப் பிரித்தேன். ரப்பர் பட்டி இளகிப்போய் அட்டையோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட நேரம் இல்லை, பின்னாலிருந்து திறந்தேன். எழுதிய கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் ஏழு ஆட்டங்களும் பென்சிலில் இருந்தன. இறுதி ஆட்டம் 6–9. ஒன்று 31–0, நெருக்கமும் இல்லை ஒன்றும் இல்லை.

சிக்னலுக்கு ஆலைக்குக் கீழே உள்ள வளைவு வரை நடக்க வேண்டும், 900 மீட்டர். மழையில் கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். ஆலைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கைபேசியிலேயே அட்டவணையை மாற்றினேன், நான் சேர்த்த வரியை எடுத்தேன். 3.26க்கு அனுப்பினேன். 3.41க்கு அச்சகத்திலிருந்து ‘கிடைத்தது’ என்று வந்தது. ஃபாரூக் நானாவிடமும் சொன்னேன்.

“ஆறுக்கு ஒன்பது. ஆ... இப்பத்தான் நாங்க ஆடின மாதிரி இருக்கு.”

ஒன்றுகூடலுக்கு வந்தவர்கள் அந்த மைதானத்தையும் பார்க்க நினைக்கலாம். இப்போது அங்கே பாதி கேரட் பாத்தி, ஒரு கம்பம் மட்டும் நிற்கிறது. போக விரும்புவோருக்கான குறிப்புகளை நான் யோசித்து எழுதவில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவள் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்:

‘ரயிலில் வலது பக்க ஜன்னல். ஹட்டனில் சாப்பிட்டுவிட வேண்டும், மேலே கடை இல்லை. டிக்கோயாவில் ஆட்டோ, கட்டணம் முன்பே பேசவும். ராஜேஸ்வரி அக்காவின் குழந்தைகளுக்கு பிஸ்கட், பன்னிரண்டு. சார்ஜர்!! அடுத்த தடவை அவரையும் கூட்டி வரணும். குடை இரண்டு. வேண்டாம் என்பார், இருந்தாலும் இரண்டு.’