தலைகீழாக நெய்த குழந்தை

மகளுக்கு எட்டாவது மாதம். தாம்பரத்தில் ஸ்கேன் எடுத்தபோது குழந்தையின் தலை இன்னும் மேலேதான் இருக்கிறது என்றார்கள். அடுத்த ஸ்கேனுக்குள் திரும்பாவிட்டால் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பளம் வந்தது. ஈரானில் வேலை பார்த்துத் திரும்பிய என் பழைய மேலதிகாரி, கோவளத்து வீட்டைக் காலி செய்தபோது கொடுத்தது. ஆடுகளோடு இடம் மாறி வாழும் கஷ்காய் இனப் பெண்கள் நெய்தது. நூறு வயதிருக்கும் என்றார். மகளின் அறையில் விரித்தேன். மனித முகமும் புருவமும் கொண்ட சிங்கம், மயில்கள், கொம்பு வளைந்த ஆடுகள், சீப்புகள். ஓரத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கும் சிறு மனிதர்கள். அவர்களுக்கு நடுவே ஒரு குழந்தை மட்டும் தலைகீழாக.

மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"ஏங்க, புள்ளத்தாச்சி ரூம்ல இதையா போடுவீங்க? பாக்கவே பகீர்ங்குது. திருப்பிப் போடுங்க."

திருப்பினேன். குழந்தை நிமிர்ந்தது, சிங்கம் மல்லாந்தது.

"இப்ப சிங்கம் செத்துக் கெடக்கு" என்றாள்.

இந்த உருவங்களின் அர்த்தம் தெரிந்தால் அவளும் அடங்குவாள், நானும் அடங்குவேன் என்று தேடினேன். சிங்கம் வீரம் என்றது ஒரு புத்தகம்; காவல் என்றது இன்னொன்று. சீப்பு தூய்மைக்கு அடையாளம் என்றார் ஒருவர்; தறியில் நூலை அடித்து இறுக்கும் சீப்பைப் பார்த்து நெய்தவள் அப்படியே நெய்திருப்பாள் என்றார் வேறொருவர். அந்தப் பெண்கள் மாதிரிப் படம் வைத்துக்கொள்ளாமல் மனதிலிருந்து நெய்தவர்கள். தலைகீழ்க் குழந்தையைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதவில்லை. கைதவறி வந்ததோ, விளையாட்டுக்கு நெய்ததோ.

மகள் கட்டிலில் படுத்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, பழையபடியே போடுங்க."

"அம்மா திட்டுவாம்மா."

"திட்டட்டும். டாக்டர் என்ன சொன்னாங்க? தலை கீழ வரணும்னுதானே? உள்ள இருக்கறதுக்குத்தான் புரியல. அந்தப் பொம்மைக்காவது புரிஞ்சிருக்கு."

கதவோரம் நின்றிருந்த மனைவி சிரிக்கவில்லை. கம்பளத்தருகே வந்தாள்.

"சரி, போடுங்க. ஆனா அவ இடது பக்கம் ஒருக்களிச்சுத்தான படுக்கணும்? அப்ப அந்தப் பொம்ம அவ கண்ணுல படுதா?"

பழையபடி போட்டேன். மகள் இடதுபுறம் திரும்பிப் படுத்தாள். கட்டில் விளிம்பு மறைத்தது.

"தெரியலம்மா."

"இன்னும் கொஞ்சம் இந்தாண்ட இழுங்க" என்று மனைவி குனிந்தாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம்.