சட்டைக்குள் வைத்த குப்பி

என் வீட்டுக்காரருக்குக் காரியம் முடிந்த மறுநாளே கொழுந்தன் வந்து ஃப்ரீசரைத் திறந்தான். உள்ளே இரண்டு குப்பி தர்பூசணி மகரந்தம் இருந்தது. போன பருவத்தில் அவர் ஆண்பூக்களில் எடுத்து, ஆராய்ச்சிக்கூடத்தில் கதிர் பாய்ச்சி வாங்கி வந்து வைத்தது. அதைப் பெண்பூவில் தடவினால் காய் பிடிக்கும், விதை பிடிக்காது.

"செத்தவரு தொட்டது எதுக்கு அண்ணி? வீசிடுங்க லா."

"நீ வந்த மோட்டாரும் அவரு தொட்டதுதான். மொதல்ல அதை வீசு."

மோட்டாரில் ஏறிப் போய்விட்டான். ஆனால் எனக்கும் பயம்தான். இந்தத் தடவை காய் பிடிக்காவிட்டால், தேயிலைக்காட்டு ஓரத்தில் தர்பூசணி போட்டிருக்கும் எங்கள் பிளாஸ்டிக் கூடாரத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

காலையில் ஒரு குப்பியை எடுத்தேன். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் ஈரம் இறங்கி மகரந்தம் வீணாகிவிடும். இந்த மலைக்குளிரில் அது சீக்கிரம் சூடேறாது. அதனால் அவர் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வார். நானும் அப்படியே வைத்தேன்.

உடம்பு தூக்கிப் போட்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் பிடித்த அவர் கையும் இதே குளிர்தான். எவ்வளவு தேய்த்தும் அந்தக் கை சூடாகவில்லை. இந்தக் குப்பி மெல்ல மெல்ல என் சூட்டுக்கு வந்தது.

காய் பிடித்தது. அறுத்தால் விதை இல்லை. கொழுந்தனும் வெட்கமில்லாமல் தின்றான்.

இன்னொரு குப்பி ஃப்ரீசரில் இருக்கிறது. சில நாள் அதை எடுத்து நெஞ்சோடு வைத்துவிட்டு, திரும்ப உள்ளே வைக்கிறேன். இப்படிச் செய்தால் மகரந்தம் கெட்டுவிடும் என்று தெரியும். அவர் இருந்தால் திட்டித் தீர்த்திருப்பார்.

திட்டட்டும் என்றுதான் எடுக்கிறேன்.