சிவப்பு நாற்காலி ஆல்பத்தின் முதல் பாட்டு

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகளின் கல்யாணம் நிற்கப் பார்த்தது. நகை, ஜாதகம், மதம்... எதுவும் காரணமில்லை. ஒரு ராக் பாட்டு.

சிரிக்காதீர்கள். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டு ஹாலில் யாரும் சிரிக்கவில்லை.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். நிவேதாவும் ஆல்வினும் பெங்களூரில் ஒரே ஆபீஸ். நாங்கள் சேலம், நெற்றியில் விபூதி இல்லாமல் வாசல் தாண்டாத குடும்பம். ஆல்வின் வீடு ஏற்காடு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். எங்கள் பக்கம் சம்மதிக்கவே ஒரு வருடம் பிடித்தது. அந்தப் பக்கமும் அப்படித்தான் என்று கேள்வி. ஒருவழியாக இரண்டு அப்பாக்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் நாள் வந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்தே நிவேதா சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் சமையலறையில் என் பின்னால் வந்து நின்று, "அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கோம்மா" என்றாள்.

பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள்தான். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரை நன்றாகத் தெரியும். பாலிடெக்னிக்கில் பேப்பர் திருத்தித் திருத்தியே தலை நரைத்தவர். வீட்டுக்கு வந்தாலும் சிவப்பு மை காயாது. யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையில் பிழை கண்டுபிடித்து, மாப்பிள்ளையின் அப்பாவுக்கே போன் போட்டுச் சொன்ன புண்ணியவான்.

மெயின் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்று குப்பனூர் வழியாக ஏற்காடு மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே வந்தேன். அரசியல் வேண்டாம். மதம் வேண்டாம். யாருடைய இங்கிலீஷையும் திருத்த வேண்டாம். காபியில் சர்க்கரை அதிகம் என்றால் பேசாமல் குடியுங்கள். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். பாட்டைப் பற்றிப் பேசாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை... யாருக்குத்தான் தோன்றும்?

செம்மநத்தம் போகும் வழியில், காபித் தோட்டத்துக்கு நடுவில் ஓட்டு வீடு. ஆல்வினின் அப்பா ஜோசப் வாசலிலேயே நின்றிருந்தார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராகச் சேர்ந்து மேனேஜராக உயர்ந்தவர். நல்ல உயரம், கரகரப்பான குரல்.

"வாங்க சம்பந்தி, வாங்க. வழில பனி நொம்ப கெடந்துதுங்களா?"

முதல் வார்த்தையே சம்பந்தி! எனக்குப் பாதி உயிர் வந்தது. அவர் மனைவி ஸ்டெல்லா அதிகம் பேசவில்லை. நிவேதாவின் கையைப் பிடித்துப் பார்த்து, "கை சில்லுனு இருக்குது பாரு சாமி" என்று சொல்லி, தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டார்.

காபி வந்தது. நான் பயந்து வைத்திருந்த பேச்சும் வந்தது. சர்ச்சா, மண்டபமா? இதற்காக ஒரு வாரம் மனதுக்குள் வாதங்களை அடுக்கி வைத்திருந்தேன். ஜோசப் அதற்கு வேலையே வைக்கவில்லை.

"காலைல சர்ச்சுல வெச்சுக்கலாம்ங்க. சாயந்தரம் சேலத்துல மண்டபத்துல உங்க முறைப்படி செஞ்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி சேர்வராயன் கோயிலுக்கும் ஒரு நடை போயிட்டு வந்துருங்க. எங்க தோட்டத்து ஆளுங்களுக்கு நொம்ப திருப்தியா இருக்கும்."

அவ்வளவுதான். ஒரு வருடம் தூக்கத்தைக் கெடுத்த விஷயம், காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நிவேதா மூன்றாவது முறுக்கை எடுத்தாள். நானும் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் அந்தக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். உள்ளே வரிசையாகக் கேசட்டுகள்!

"நைன்டீஸ் ராக்கா சார்? நீங்களும் கேப்பீங்களா?"

ஜோசப்பின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இளம் வயதில் சர்ச் கொயரில் கிதார் வாசித்தவராம். ஐந்தே நிமிடத்தில் இருவரும் இருபது வயதுப் பையன்களாகிவிட்டார்கள். ஒரு ஆல்பத்துக்கு முதல் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று பேச்சு போனது. டிரம்ஸ் மட்டும் தனியாக ஆரம்பிக்கும் ஒன்றை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பாடகர் தொண்டையைச் செருமுவதில் தொடங்கும் ஒன்றுக்கும் இருவர் ஓட்டும் விழுந்தது. பெயர்களை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் உங்கள் வீட்டிலும் சண்டை வரும், அந்தப் பாவம் எனக்கு எதற்கு?

"மொத பாட்டுன்னா கதவை உதைச்சுக்கிட்டு உள்ள வரணும் சார்" என்றார் என்னவர்.

"இல்லீங்க சம்பந்தி. மெதுவாக் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போகோணும். அட்டையில ஒரு சிவப்பு நாற்காலி இருக்குமே, அந்த ஆல்பம் கேட்டிருக்கீங்களா? வெறும் கிதாரு, அப்பறம் அந்தக் கொரலு. எல்லாரும் காட்டுக் கத்தா கத்திட்டு இருந்த காலத்துல, மொத பாட்டையே அப்படி மெதுவா வெக்க எவ்வளவு தைரியம் வேணும்?"

என்னவரின் புருவம் ஏறியது. எனக்கு அந்தப் புருவத்தைத் தெரியும். காலால் அவர் காலைத் தேடினேன், எட்டவில்லை.

"அது மொத பாட்டு இல்லையே சார்."

"மொத பாட்டுதானுங்க."

"இல்ல சார். மொத பாட்டு டிரம்ஸோட இடிச்சுக்கிட்டு வருமே, அதுதான். நீங்க சொல்றது ஆறாவது."

"அந்த இடிக்கற பாட்டு ரெண்டாவதுங்க. இந்த மலைல யாரை வேணாலும் கேளுங்க."

குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது, ஆனால் கொஞ்சமாக. ஆல்வின் பேச்சை மாற்றத் தோட்டத்தைப் பார்க்கலாம் என்று கூப்பிட்டான். யாரும் எழவில்லை. என்னவர் போனை எடுத்தார். சிக்னல் இல்லை. கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். மனுஷன் விடுவாரா? எழுந்து ஜன்னலுக்குப் போனார், அங்கும் இல்லை. வாசலுக்குப் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு பனியில் நின்றார். நிவேதா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்யட்டும்? ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கவா?

திரும்பி வந்தார். முகத்தில் அந்தப் பரீட்சைப் பேப்பர் சிரிப்பு. திரையை ஜோசப்பின் கண்ணுக்கு நேராக நீட்டினார்.

"பாருங்க சார். ஆறாவது."

ஜோசப் போனைப் பார்க்கவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்தார். மூலையில் இருந்த பழைய டேப் ரிக்கார்டரில் போட்டு, ஆரம்பத்துக்குச் சுற்றிவிட்டு, அழுத்தினார். கிதார் வந்தது. மெதுவாக அந்தக் குரல் வந்தது. அவர் சொன்ன பாட்டுதான். ஜோசப் என்னவரைப் பார்த்தார்.

இந்த இடத்திலாவது என் வீட்டுக்காரர் வாயை மூடியிருக்கலாம்.

கேசட் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது ரெக்கார்டிங் பண்ணின கேசட் சார். ஒரிஜினல் இல்ல. டூப்ளிகேட். போட்டவன் வரிசையை மாத்திப் போட்டுட்டான்."

ஜோசப் டேப்பை நிறுத்தினார். டக் என்ற அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அது எங்க ஊட்டம்மா கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குக் குடுத்தது சார். அவங்க எனக்குக் குடுத்த மொத சாமான். அதைத்தான் டூப்ளிகேட்டுன்னு சொல்றீங்க."

கவனித்தீர்களா? சம்பந்தி போய்விட்டது. சார் வந்துவிட்டது.

நான் அவசரமாக, "அவர் அந்த அர்த்தத்தில சொல்லலைங்க" என்று ஆரம்பித்தேன். ஜோசப் கையை மெதுவாகக் காட்டி நிறுத்தினார்.

"பரவால்லீங்கம்மா. பொண்ணு தங்கமான பொண்ணு. அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா எங்க ஊட்டுக்குள்ளயே வந்து உக்காந்து என்னைத் தப்புன்னு நிரூபிக்கோணும்னு நிக்கறாரு. நாளைக்கு எம் பையன் உங்க ஊட்டுக்கு வரப்போக இருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாக்கறேன். நாங்க யோசிச்சுச் சொல்றோம்ங்க."

யோசிச்சுச் சொல்றோம். தமிழில் இதைவிட மரியாதையான 'வேண்டாம்' கிடையாது. என் அக்காவுக்கு மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் யோசித்துத் திரும்பி வந்ததில்லை.

நிவேதா அந்தச் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து, அழகாக மடிக்க ஆரம்பித்தாள். மடித்து முடித்ததும் எழுந்துவிடுவாள் என்று தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் என் புருஷன்மேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை.

"மடிக்காத சாமி. போத்திக்க."

ஸ்டெல்லா. வந்ததிலிருந்து ஓரமாக உட்கார்ந்திருந்தவர், இப்போது கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, அவரு சொல்றது நெசந்தானுங்க. அது ஆறாவது பாட்டு."

ஜோசப்புக்குப் புரியவில்லை. எங்களுக்கும்தான்.

"எங்கண்ணன் ஒரிஜினல் கேசட்டு கொண்டாந்து குடுத்தான். அதை ஊட்டுல ரெண்டு கேசட்டு போடற டபுள் டெக்குல போட்டு நாந்தான் உங்களுக்குக் காப்பி எடுத்தேன். எங்கப்பா பக்கத்து ரூம்ல இருந்தாரு. ஆரம்பமே இடிச்சுக்கிட்டு வந்தா வயரைப் புடுங்கி வீசியிருப்பாரு. அதனால இதை மொதல்ல எடுத்தேன். அவரு சந்தைக்குப் போனப்பறம் மத்ததெல்லாம் எடுத்தேன்."

கொஞ்சம் நிறுத்தினார்.

"அது மட்டும் இல்லீங்க. அந்தப் பாட்டுல வர்றதைத்தான் உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தேன். வாயால சொல்ல வரலை. கேசட்டைப் போட்டதும் மொதல்ல அதை நீங்க கேக்கோணும்னு வெச்சேன்."

ஜோசப் டேப் ரிக்கார்டரின் மேல் கையை வைத்தார். "கொயர் பசங்க எல்லாம் இதுலயிருந்துதான காப்பி எடுத்தாங்க..." என்றார் மெதுவாக.

ஆக, இந்த மலையில் ஒரு தலைமுறைக்கே அந்த ஆல்பம் ஸ்டெல்லா போட்ட வரிசையில்தான் தெரியும். யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்!

"இத்தனை வருசமா ஏன் சொல்லலை?"

"கல்யாணம் ஆன புதுசுல சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஊரெல்லாம் போய் மொத பாட்டை இப்படி வெக்கறதுக்கு என்ன தைரியம், என்ன தைரியம்னு பேச ஆரம்பிச்சுட்டீங்க. அப்பறம் எப்படிங்க சொல்றது?"

"அப்போ முப்பது வருசமா அந்த பேண்டுக்காரனை நான் சும்மாவா மெச்சிட்டு இருந்தேன்?"

"என்னையத்தானுங்க மெச்சுனீங்க" என்றார் ஸ்டெல்லா. "எனக்கு நொம்ப சந்தோசமாத்தான் இருந்துச்சு."

என் கண் கலங்கியதை மறைக்க நான் முறுக்குத் தட்டைப் பார்த்தேன். ஜோசப் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு கேசட்டைப் பின்னால் சுற்றி, மறுபடி அழுத்தினார். அந்தப் பாட்டு முழுவதும் ஓடியது. எனக்கு இங்கிலீஷ் ராக் என்றால் தலைவலி. அன்றைக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

பாட்டு முடிந்ததும் ஜோசப் திரும்பினார்.

"சம்பந்தி, இப்போ சொல்லுங்க. இந்த ஆல்பத்துல மொத பாட்டு எதுங்க?"

என்னவர் கையில் போன் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பாட்டுகள், வரிசை நம்பரோடு. நிவேதா சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

அவர் போனை அணைத்துப் பாக்கெட்டில் போட்டார்.

"இதுதாங்க சம்பந்தி" என்றார்.

அவருக்குத் தெரிந்தே ஒரு தப்பைச் சரி என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜோசப் மனைவி பக்கம் திரும்பி, "ஸ்டெல்லா, அந்தக் காலண்டரை எடுத்தா, தேதி பாத்துருவோம்" என்றார்.

எனக்கு ஒன்று புரிந்தது. பெரிய விஷயங்களில் நாம் சண்டை போடுவதில்லை. அவற்றுக்குத்தான் தயாராகப் போகிறோமே, நாக்கைக் கட்டிக்கொண்டு, காலை மடக்கிக்கொண்டு... அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு, நம்ம ஆளுங்கதானே என்று சாய்ந்து உட்காரும்போதுதான் வருகிறது வினை.

இருட்டுவதற்குள் கிளம்பினோம். நிவேதா பின் சீட்டில் சால்வையோடு தூங்கிவிட்டாள். மூன்று நாள் பட்டினியின் தூக்கம். என்னவர் பாதி மலை இறங்கும் வரை வாயே திறக்கவில்லை. திட்டலாம் என்று வைத்திருந்த எல்லாவற்றையும் அந்த மௌனத்தைப் பார்த்து நான் நாளைக்குத் தள்ளிப்போட்டேன்.

திடீரென்று கேட்டார். "அந்தம்மா மாதிரி... நீயும் எங்கிட்ட ஏதாவது சொல்லாம வெச்சிருக்கியா?"

"வளைவு வருது, ரோட்டைப் பாருங்க" என்றேன்.