பச்சை மாவடு

யுத்தத்துக்கு முன்பு, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் துணிச்சாயமும் படிகாரமும் வெடியுப்பும் உப்பிட்ட மாவடுவும் ஒரே கடையில் கிடைத்தன. கடைக்காரர் நாஞ்சில் நாட்டுக்காரர், நகக்கண்ணெல்லாம் நீலம். உப்போ காரமோ, எதை நிறுத்தாலும் ஒரு துளி நாக்கில் வைத்துத் துப்பிய பிறகுதான் பொட்டலம் மடிப்பார். மாவடுவை மட்டும் அவர் ருசி பார்த்ததேயில்லை.

அந்த மாவடுவைத் தின்று என் மகள் இரண்டு நாள் வாந்தியெடுத்தாள். வைத்தியர் மாவடு ஜாடித் தண்ணீரில் இரும்புக் கத்தியை ஊற வைத்து எடுத்தார். செம்பு பூசினாற்போல் சிவந்திருந்தது. பச்சை நிறம் மாறாமலிருக்க செம்புச் சத்துள்ள மயில்துத்தம் போட்டிருக்கிறார்கள் என்றார். ஜாடியோடு கடைக்குப் போனேன்.

"பிள்ளைகள் திங்கிற சாதனத்தில விஷத்தைப் போடலாமா, ஓய்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "போட்டேன். போன மாசம் துத்தம் போடாததத்தான் தந்தேன். கருத்துப் போச்சு, பழசுன்னு நாலுபேரு கேக்க ஏசி, திருப்பித் தந்துட்டுப் போனது யாரு?"

நான்தான்.

அவர் தம் மதியச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். ஓரத்தில் நான் திருப்பிக் கொடுத்த அந்தக் கருத்த மாவடு இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தார், துப்பவில்லை.

அவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. செய்ததற்காகவா, சொன்னதற்காகவா என்பதுதான் தெரியவில்லை.