மஞ்சள் துணியில் வைரத் தகடு

பெங்களூரில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் லேசர் செய்கிறோம். லேசர் படிகம் சூடேறினால் ஒளிக்கற்றை கலைந்துவிடும். படிகத்தின் முகத்தில் மெல்லிய வைரத் தகட்டை ஒட்டினால், அது செம்பைவிட வேகமாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒளியும் அதன் வழியே போவதால், அந்த வைரம் ஒளியை விழுங்கக் கூடாது; ஒளி அதிரும் திசையைத் திருப்பவும் கூடாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதையெல்லாம் யாருக்கும் புரியும்படி சொல்ல முடியும் என்ற கர்வம் எனக்கு உண்டு.

கோயம்புத்தூரில் மெருகேற்றிய தகடு ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், பாப்பாரப்பட்டி பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் தங்கினேன். அழுக்குத் துணி எடுக்கப் பையைத் திறந்த அம்மா தகடு இருந்த டப்பாவைப் பார்த்துவிட்டாள்.

"வைரம்மா. ஆபீஸ்து" என்றேன்.

படிகம், சூடு, ஒளி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவள், "குடுத்தவனுக்கு எந்த ஊரு பாப்பா?" என்றாள்.

அன்று சாயங்காலமே அப்பா, தர்மபுரியில் வேலை கிடைக்காதா என்று ஆரம்பித்தார். கல் ஆபீஸுடையதுதான் என்று இவர்களை நம்பவைக்காமல் கிளம்பினால் வேலையை விடச் சொல்வார்கள் என்று புரிந்தது.

காலையில் டப்பா காலியாக இருந்தது. தகடு மஞ்சள் துணியில் முடியப்பட்டு சாமி படத்தின் முன்னால் கிடந்தது. புது வைரம் வந்தால் எங்கள் பக்கம் அப்படித்தான். வீட்டுக்கு ஆகிறதா என்று வைத்துப் பார்ப்பார்கள். வைத்த அன்றே போர்வெல் மோட்டார் கருகிவிட்டது.

"இது நம்ம வூட்டுக்கு ஆவாது. குடுத்தவங்ககிட்டயே குடுத்துரு" என்றாள் அம்மா.

மஞ்சள் கறையோடு லேசரில் வைத்தால் கறை எரிந்து தகடே பாழாகும். கோபத்தோடு பஸ் ஏறினேன். ஆய்வுக்கூடத்தில் கறை போகக் கழுவி, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இரண்டு போலராய்டு வில்லைகளைக் குறுக்காக நிறுத்தி, நடுவே தகட்டை வைத்தேன். நல்ல வைரமென்றால் இருட்டாகவே இருக்கவேண்டும். ஓரத்தில் வெளிச்சம் திட்டுத்திட்டாகக் கசிந்தது. வளரும்போதே உள்ளே ஏற்பட்ட இறுக்கம் அது, மஞ்சளுக்குச் சம்பந்தமில்லை. வேண்டாமென்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரவு அம்மா போனில் கூப்பிட்டாள். கல்லில் குறை இருந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பையன் ஒண்ணும் சொல்லலையா?" என்றாள்.

"பையனே இல்லம்மா. கல்லு நல்லாருக்கா இல்லையானு சொல்றதே நான்தான்."

"நீ சொன்னா திருப்பி எடுத்துக்குவாங்களா?"

"எடுத்துக்குவாங்க."

பிறகு பக்கத்திலிருந்த அப்பாவிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது.

"பொய் சொல்றாளானு தெரியல. ஆனா போவட்டும் வேலைக்கு."